துக்கத்தோடு எருசலேமுக்குப் போகிறவர்களுக்கு

எருசலேமுக்கு வரும் குழுக்கள் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு இடங்களைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவது வழக்கம். ஊர் பார்க்க வந்தவர்களுக்கு அது போதும். வீட்டில் ஒரு சாவு நடந்து ஆறு மாதம்கூட ஆகாதவர், மருத்துவ அறிக்கையைக் கைப்பையில் வைத்துக்கொண்டே வந்தவர், வேலையும் சேமிப்பும் ஒன்றாகப் போனவர் ஆகியோருக்கு அந்த வேகம் ஒத்து வராது. அவர்களுக்கு ஒன்றரை நாளில் நடந்தே முடிக்கக்கூடிய வழி ஒன்று உண்டு. அதில் வரும் ஒவ்வொரு இடமும் வேதத்தில் யாரோ அழுத, பயந்த, கைவிடப்பட்ட இடம்.

கிழமை பார்த்துத்தான் போக வேண்டும். ஞாயிறன்று இந்த வழியில் உள்ள சில ஆலயங்கள் திறப்பதில்லை. வெள்ளி மதியம் முஸ்லிம்களின் தொழுகைக்காகப் பழைய நகரத்தின் வாசல்களில் கூட்டம் நெருக்கும். சனியன்று யூதப் பகுதிகளில் பஸ் ஓடாது. திங்கள் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள் சரி. பெரும்பாலான இடங்களை மதியம் பன்னிரண்டு மணிக்கு மூடிவிட்டு இரண்டு மணிவாக்கில் மறுபடி திறப்பார்கள். காலை எட்டு மணிக்குத் தொடங்காவிட்டால் பாதி வழியில் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தோளும் முழங்காலும் மூடிய உடை, வழுக்காத காலணி, தண்ணீர், ஒரு தமிழ் வேதாகமம் போதும். அந்தப் பகுதியின் நிலைமை அடிக்கடி மாறுவதால், டிக்கெட் எடுக்கும் முன் அரசின் பயண எச்சரிக்கையைப் பார்த்துவிட வேண்டும்.

ஒலிவமலையின் உச்சிக்கு வாடகைக் காரில் போய்விட்டு இறங்கி நடப்பதே நல்லது. ஆனால் ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். பாதை செங்குத்து, பல இடங்களில் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களை இதில் கூட்டிவரக் கூடாது. அவர்கள் நேரே மலையடிவாரத்தில் உள்ள கெத்செமனே தோட்டத்துக்குக் காரிலேயே போய்விடலாம். உச்சியில் உள்ள பாதர் நோஸ்டர் ஆலயச் சுவர்களில் கர்த்தர் கற்பித்த ஜெபம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது, தமிழிலும். சொந்தமாக ஜெபிக்க வார்த்தை வராத நிலையில் இருப்பவர்களுக்கு அங்கே தொடங்குவது சுலபம்.

பாதி இறக்கத்தில் டோமினுஸ் ஃப்ளேவிட் என்ற சிறிய ஆலயம். இயேசு நகரத்தைப் பார்த்து அழுததை (லூக்கா 19:41) நினைவுகூரும் இடம் இது. 1955-இல் கட்டடக் கலைஞர் அந்தோனியோ பர்லூசி இதைக் கண்ணீர்த்துளி வடிவத்தில் கட்டி முடித்தார். பீடத்தின் பின்னுள்ள சன்னல் மேற்கே நகரத்தைப் பார்த்திருக்கிறது. காலையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் எதிரே நகரம் துலக்கமாகத் தெரியும். படம் எடுக்க அவசரப்படும் குழு ஒன்று எப்போதும் உள்ளே இருக்கும். பத்து நிமிடம் வெளியே மரநிழலில் காத்திருந்தால் இடம் காலியாகிவிடும்.

அடிவாரத்தில், இயேசு பிடிபடுமுன் ஜெபித்த கெத்செமனே. இங்கே குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். தோட்டத்தில் எட்டுப் பழைய ஒலிவமரங்கள் உண்டு. அவற்றில் மூன்றின் அடிமரத்தைச் சோதித்தவர்கள் அவை 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று 2012-இல் அறிவித்தார்கள். ‘இயேசு தொட்ட மரம்’ என்று வழிகாட்டி சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலிக்குள் போக முடியாது, சுற்றித்தான் வரலாம். பக்கத்தில் உள்ள சகல தேசத்தாரின் ஆலயமும் பர்லூசி கட்டியதுதான், 1924-இல் முடிந்தது. சன்னல்களுக்கு ஊதா நிறம் கொடுத்துப் பகலிலும் உள்ளே இரவு போல இருக்கச் செய்திருக்கிறார். வெயிலிலிருந்து நுழைந்ததும் கண் தெரியாது. பழகும்வரை வாசலருகே நின்றுவிட்டு, பிறகு பீடத்தின் முன்னுள்ள பாறையருகே போகலாம்.

வாசிக்க வேண்டியது மத்தேயு 26:36-46. பெரும்பாலான குழுக்கள் ‘உம்முடைய சித்தத்தின்படி’ என்ற இடத்துக்கு ஓடிவிடுகின்றன. அதற்கு முன்பே, தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று இயேசு சீஷர்களிடம் சொல்லிவிடுகிறார், கூட விழித்திருக்கும்படி கேட்கிறார், அவர்கள் தூங்கிவிடுகிறார்கள். வரப்போகும் பாடு என்ற பாத்திரம் நீங்கும்படி ஒரே ஜெபத்தை மூன்று முறை செய்கிறார். பாத்திரம் நீங்கவில்லை. லூக்காவின்படி வந்தது ஒரு தூதன், அதுவும் பலப்படுத்த மட்டும். ‘ஜெபித்தேன், கேட்கப்படவில்லை’ என்று குற்றவுணர்வோடு வருகிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் எதுவும் தேவையில்லை. பிரசங்கம் செய்ய ஆசைப்படும் குழுத்தலைவர்கள் இந்த ஓரிடத்திலாவது சும்மா இருக்கலாம்.

அங்கிருந்து சிங்க வாசல் வழியாக நகரத்துக்குள் ஏறினால் வலப்பக்கம் பெதஸ்தா குளம். 38 வருஷம் வியாதியாயிருந்து இயேசு குணமாக்கிய மனுஷனை யோவான் 5 காட்டுவது இங்கேதான். நடுவில் ஒரு தடுப்புச்சுவரோடு இரண்டு குளங்கள். நான்கு பக்கமும் நான்கு மண்டபம், நடுச்சுவர்மேல் ஒன்று என்று கணக்குப் போட்டால் வேதம் சொல்லும் ஐந்து மண்டபம் வந்துவிடும். பிற்காலக் கோயில்களின் இடிபாடுகள் இவற்றின்மேல் குவிந்திருப்பதால் எது எது என்று முதலில் புரியாது. நுழைவில் உள்ள வரைபடத்தைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

நோய் தீராதவர்களை ‘உனக்கு விசுவாசம் போதவில்லை’ என்று சொல்லி நோகடிப்பது நம் சபைகளில் புதிதல்ல. அவர்கள் இந்த அதிகாரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘சொஸ்தமாக விரும்புகிறாயா’ என்ற கேள்விக்கு அந்த மனுஷன் ஆமென்றுகூடச் சொல்லவில்லை. தன்னைக் குளத்தில் தூக்கிவிட ஆளில்லை என்று குறைதான் சொன்னான். குணமானபின்னும் இயேசு யாரென்று அவனுக்குத் தெரியாது. அதே மண்டபங்களில் படுத்திருந்த மற்ற வியாதியஸ்தருக்கு என்ன ஆயிற்று என்று யோவான் சொல்வதில்லை. அந்தக் கேள்வியோடு அங்கே உட்கார்ந்திருப்பதில் தவறொன்றும் இல்லை.

பக்கத்திலேயே 12-ஆம் நூற்றாண்டின் புனித அன்னாள் ஆலயம். கல்சுவர்களில் குரல் பல நொடிகள் நின்று எதிரொலிக்கும். தாளம் போட்டு வேகமாகப் பாடினால் வார்த்தைகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். நாலைந்து பேர், வாத்தியமில்லாமல், மெதுவான ஒரு கீர்த்தனையை அடிக்கு அடி நிறுத்திப் பாடினால் கேட்கவே வேறு மாதிரி இருக்கும்.

மாலையில் சீயோன் மலையின் கிழக்குச் சரிவில் உள்ள காலிகாந்து ஆலயம், இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த இடமாக எண்ணப்படுவது. அது நடந்த, பிரதான ஆசாரியன் காய்பாவின் வீடு இங்கேதான் இருந்ததா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. அடியில் பாறையில் குடைந்த குழி ஒன்று உண்டு, அன்றிரவு இயேசுவை அடைத்துவைத்த இடம் என்பார்கள். இப்போது படிகள் இருக்கின்றன. அங்கே வாசிப்பது 88-ஆம் சங்கீதம். தேவனை இரட்சிப்பின் தேவன் என்று அழைக்கும் முதல் வசனத்தைத் தவிர அதில் வெளிச்சம் கிடையாது. நண்பர்கள் விலகிப்போனதோடு முடிந்துவிடுகிறது. வாசித்த கையோடு துதிப்பாட்டைத் தொடங்கிவிடுவது இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. ஐந்து நிமிடம் அப்படியே விட வேண்டும்.

மறுநாள் விடியற்காலை திருக்கல்லறை ஆலயம். நான்கு, ஐந்து மணிக்கே திறந்துவிடுவார்கள். பகலில் கல்லறைக்குள் போக ஒரு மணி நேரத்துக்குமேல் வரிசையில் நிற்க நேரிடும். உள்ளே கிடைப்பது சில நொடிகள். அதிகாலையில் கூட்டம் குறைவு, ஆனால் வழிபாடு நடக்கும்போது கல்லறைக்குள் விடமாட்டார்கள். அந்த நேரத்தில் வாசலின் வலப்பக்கச் செங்குத்துப் படிகளில் ஏறி, இயேசு சிலுவையில் அறையப்பட்ட இடமாகக் கருதப்படும் கொல்கொதாவின் பீடத்தருகே உட்காரலாம்.

தூபமும் விளக்குகளும் பல சபைகளின் வழிபாட்டு முறையும் பழக்கமில்லாதவர்களுக்குத் தமஸ்கு வாசலுக்கு வெளியே, இயேசுவின் கல்லறை என்று சிலர் கருதும் தோட்டக் கல்லறை இருக்கிறது. அங்குள்ள கல்லறை இயேசுவின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது என்பதே பெரும்பாலான அகழாய்வாளர்களின் கருத்து. ஆனாலும் அமைதியாக உட்கார அந்தத் தோட்டம் நல்ல இடம். குழுவாகப் போனால் முன்பதிவு செய்துவிட வேண்டும். திருவிருந்து நடத்த விரும்பினால் அப்போதே சொன்னால் தனி இடம் ஒதுக்குவார்கள்.