அம்மா தாம்பரத்தில், நாற்றங்கால் இங்கே

ஊருக்குத் திரும்பியதும் டீக்கடையில் ஆரம்பித்து வயல் வரப்பு வரைக்கும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அம்மாவைக் கையோட அழைச்சிட்டு வந்திருக்கலாமே தம்பி, பட்டணத்துல அடைச்சு வச்சா அது எப்படித் தாங்கும்?" பாசத்தில்தான் கேட்கிறார்கள், தெரியும். மன்னார்குடிப் பக்கம் இந்த மண்ணிலேயே ஆயுசில் முக்கால்வாசியைக் கழித்தவள், இப்போது தாம்பரத்தில் அக்கா வீட்டு மூன்றாவது மாடியில் வாக்கர் பிடித்து நடக்கிறாள் என்றால் யாருக்கும் மனசு கேட்காதுதான். இருந்தாலும் இதற்கு ஒரு பதிலை எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் ஊர்க்காற்று பட்டால் கிழவிக்கு எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை.

அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது பட்டணத்தில் இல்லை, எங்கள் வீட்டு முற்றத்தில். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், பாசி பிடித்த கல், அவ்வளவுதான். இந்த முறை தாம்பரத்திலிருந்து மன்னை எக்ஸ்பிரசில் வந்து இறங்கி, பையோடு வாசலில் நின்று வீட்டைப் பார்த்தபோது அவள் காலால் நடந்து பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். தெருவிலிருந்து வாசல் மேடையான குறட்டுக்கு ஏற உயரமான படிகள், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. நிலைப்படி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. கூடத்திலிருந்து முற்றத்தைச் சுற்றிக்கொண்டு அடுப்படி, அதைத் தாண்டிக் கொல்லையில் கக்கூஸ், அதுவும் குத்தவைத்து உட்காருகிற மாதிரிதான். ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து போக வேண்டிய 79 வயசுக்காரிக்கு இது எப்படி ஒத்துவரும்? அக்கா வீட்டில் லிஃப்ட் இருக்கிறது, குளியலறையில் கைப்பிடிக் கம்பி இருக்கிறது, பிசியோதெரபி செய்கிற பெண் வீட்டுக்கே வந்து காலை நீட்டி மடக்கிவிட்டுப் போகிறாள். இங்கே ஏதாவது பெரிதாக வந்தால் தஞ்சாவூருக்குத்தான் ஓட வேண்டும், 40 கிலோமீட்டர் இருக்கும்.

அப்புறம் தெரு. அம்மா நினைவில் இருக்கிற தெரு வேறு. திண்ணைக்குத் திண்ணை ஆள் இருந்த தெரு அது. இப்போது பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும். நானும் என் மனைவியும் விடிந்தால் வயலில் இருப்போம். பகல் முழுக்க அவள் தனியாகத்தான் கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சரி, போன இடத்துக் கதையைச் சொல்கிறேன். நாற்று விட்டுவிட்டு, அது வளர்கிற இடைவெளியில்தான் போனேன். உள்ளே நுழைந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அம்மா முதலில் செய்தது, காலை மேலே தூக்கு என்றதுதான். தூக்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, இடுக்கில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். சுண்டுவிரல் பக்கம் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது.

"சேத்துப்புண் கண்டிருக்கே. தண்ணி வந்துட்டா?"

"இல்லம்மா, போர் தண்ணியிலதான் நாத்து விட்டேன்."

"அதான பாத்தேன். மேட்டூர் தொறந்து ரெண்டு நாள்தான ஆவுது. மருதாணிய அரைச்சு வையி."

பேரன் பேத்தி பெயர்கள் அவளுக்குச் சில நாள் மாறிப்போகிறது, என்னையே ஒருமுறை மாமா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஆனால் வழக்கமாக மேட்டூர் அணை திறக்கிற ஜூன் 12 மறக்கவில்லை. 2022இல் மே 24ஆம் தேதியே அணையைத் திறந்ததும், 2024இல் ஜூலை 28 வரைக்கும் நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததும்கூட அவளுக்குத் தெரியும். டிவியில் மேட்டூர் நீர்மட்டம் ஓடினால் அக்கா வீட்டில் யாரும் சேனல் மாற்றக் கூடாது. 120 அடியில் எத்தனை இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு. தண்ணீர் மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வரும், அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு வரும், அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணி ஆறு என்று பிரியும், பாமணியில் விட்டால்தான் நமக்கு. இந்தக் கணக்கை அவள் விரல் விட்டுச் சொல்லும்போது குரலில் நடுக்கமே இல்லை.

நான் போவதற்கு முன்னால் ஆறுதலாக என்ன பேசலாம் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவளுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது வயல் சேதி. எத்தனை மா (ஒரு மா என்றால் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) மிஷின் நடவு, எத்தனை மா கை நடவு, ஆள் கூலி எவ்வளவு, என்ன ரகம் விட்டிருக்கிறாய், மோட்டாருக்கு மும்முனை கரண்ட் எத்தனை மணிக்கு வருகிறது. ரகத்தைச் சொன்னால் ஏடிடி 27 காலத்துக்குப் போய்விடுவாள், குறுவைக்கு, அதாவது இந்தக் குறுகிய காலச் சாகுபடிக்கு, அது புதிதாக வந்தபோது தெருவே வேடிக்கை பார்த்ததாம். மிஷின் நடவுக்காகப் பாய் மாதிரி விடுகிற பாய் நாற்றங்காலை அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கஜா புயலில், 2018 நவம்பர் 16ஆம் தேதி விடிந்தபோது, கொல்லையில் விழுந்து கிடந்த தென்னைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு நடந்தவள், அதற்கப்புறம் வைத்த கன்றுகளில் பாளை விட்டது எது எது என்று வரிசைப்படி கேட்டாள். கிணற்றோரத்தில் இருப்பது இன்னும் விடவில்லை என்றேன். உப்பு போட்டியா என்றாள்.

கிளம்புகிற அன்றைக்கும் அழவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "கோயிலடி வயல்ல வடகிழக்கு மூலை பள்ளம், தண்ணிய வடிச்சுட்டு நடச் சொல்லு, இல்லாட்டி நாத்து அழுவிப் போயிரும்" என்றாள். நேற்று போய்ப் பார்த்தேன். வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் வந்து, வயல் நிறைந்து, அந்த மூலையில் மட்டும் முழங்கால் ஆழம் நிற்கிறது. டிராக்டர்காரர் சமமாகத்தான் அடித்திருக்கிறேன் என்று சத்தியம் செய்கிறார். வடித்துவிட்ட பிறகு போன் போட்டுச் சொன்னேன், "வந்துட்டும்மா, வடிச்சுட்டேன்" என்று. கலங்கலா தெளிவா என்று கேட்டாள். கலங்கல்தான்.

ஆக, கேட்கிறவர்களுக்கு என் பதில் இது. அம்மா இப்போதைக்கு அங்கே இருப்பதுதான் சரி, நான் இங்கே இருப்பதும் சரி. நிலத்தை விட்டுவிட்டு நானும் தாம்பரத்தில் போய் உட்கார்ந்தால் அவளுக்குக் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. அக்கா அவள் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாள், அது என் வேலையைவிடப் பல மடங்கு கஷ்டமான வேலை, அதை ஊரில் யாரும் பேசுவதில்லை.

ஆனால் பொங்கலுக்கு அவளை அழைத்து வர முடியும், சம்பா அறுப்புக்கு முன்னால் கதிரைப் பார்க்கட்டும். அதற்கு வீட்டைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். கூடத்து ஓரத்தில் பழைய நெல் அறையை இடித்து, நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூஸும் குளிக்கிற இடமும், இரண்டு பக்கமும் கம்பி. முற்றத்துக்கு வழுக்காத கல். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை வைத்தால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்கிறார்கள், குறட்டுப் பக்கம் அவ்வளவு வைத்தால் தெருவே அடைபட்டுப்போகும், கொல்லைப் பக்கம் உயரம் ஒரு அடிதான், அங்கே தாராளமாக வைக்கலாம். அக்காவும் அத்தானும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், கீழ் பெர்த் கிடைத்தால்தான் அனுப்புவோம் என்ற நிபந்தனையோடு.

நடவு முடிந்து ஆடியில்தான் கொத்தனாருக்குக் கை ஓய்கிறது. ஆடியில் வேலை தொடங்கலாமா என்று அம்மாவையே கேட்டேன். "புது வீடா கட்டுற? அதெல்லாம் பாக்காத, ஆரம்பி" என்றாள்.