அரிசோனா ஸ்டேட் ஏன் கான்ஃபரன்ஸ் மாறியது: ஒளிபரப்புக் கணக்கு

சேலம், நாமக்கல் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரிகளிலிருந்து எம்.எஸ். படிக்கக் கிளம்பும் பிள்ளைகள் பலருடைய பட்டியலில் அரிசோனா ஸ்டேட் இருக்கும். 1978 முதல் பசிபிக் கரைப் பல்கலைக்கழகங்களோடு ஆடிவந்த அந்த அணி, 2024-ல் பேக்-12 கான்ஃபரன்ஸை விட்டு பிக் 12-க்குப் போய்விட்டது. கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டணி. இங்கே பேச்சு அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி, நம் கால்பந்து அல்ல. பெயர் ஒன்றுபோல் தெரிந்தாலும் பேக்-12, பிக் 12 இரண்டும் வேறு வேறு அமைப்புகள். பேக்-12-ல் 12 பல்கலைக்கழகங்கள் இருந்தன. போகிறவர்கள் போனபின் மிஞ்சியது 2 பேர்.

நம் பெரியார் பல்கலைக்கழக அணிக்கு இப்படி ஒரு சிக்கல் வராது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் அது தென் மண்டலம். மண்டலத்தை வரைபடம் முடிவு செய்கிறது. அந்த ஆட்டங்களைக் காசு கொடுத்து வாங்க எந்தச் சேனலும் வரிசையில் நிற்காததால் வரைபடம் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் வாங்க ஆள் இருக்கிறது. 2022-ல் பிக் டென் கான்ஃபரன்ஸ் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றுடனும் போட்ட ஒப்பந்தம் 7 ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் ஆண்டுக்குச் சுமார் 8,000 கோடி ரூபாய். அதே ஆண்டு ஐ.பி.எல். உரிமை 5 ஆண்டுகளுக்கு 48,390 கோடிக்குப் போனது, அதாவது ஆண்டுக்கு 9,678 கோடி. கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு இந்த விலை.

இதன் தொடக்கம் 1984. அதுவரை எந்த அணி எத்தனை முறை டி.வி.யில் வரலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற மைய அமைப்பே கட்டுப்படுத்தியது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத் தரப்பு தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை 7-2 என்று உடைத்தது. (தூர்தர்ஷனின் பிடியைத் தளர்த்திய நம் 1995 தீர்ப்பு, வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் வந்தது.) அதற்குப் பிறகு கான்ஃபரன்ஸ்கள் தனித்தனியாகக் கடை விரித்தன. விதி இதுதான்: யார் மைதானத்தில் ஆட்டமோ, அவர்களுடைய கான்ஃபரன்ஸுக்கே அதை விற்கும் உரிமை. பின்னால் வரும் எல்லாச் சண்டைக்கும் இதுவே வேர்.

முதல் அலையில் கேபிள் வீடுகள்தான் கணக்கு. சேலத்தில் கேபிள் பேக்கில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் சேர்ந்திருந்தால், கிரிக்கெட் பக்கமே திரும்பாத பாட்டியின் வீட்டிலிருந்தும் மாதாமாதம் அதற்கான காசு போய்விடும். அங்கும் அதே ஏற்பாடு. 2007-ல் தொடங்கிய பிக் டென் நெட்வொர்க், உறுப்பினர் இருக்கும் மாநிலத்து வீடுகளிடம் ஒரு கட்டணமும், வெளி மாநில வீடுகளிடம் அதில் சிறு பகுதியும் வாங்கியது. 2014-ல் ரட்கர்ஸும் மேரிலாண்டும் சேர்க்கப்பட்டதற்குப் பெரிய காரணம் ஃபுட்பால் திறமை அல்ல, நியூயார்க், வாஷிங்டன் பக்கத்து கேபிள் இணைப்புகள். அப்புறம் கேபிளைத் துண்டிப்போர் பெருகினார்கள். வீட்டு எண்ணிக்கையின் மதிப்பு சரிந்து, ஒரு ஆட்டத்தை எத்தனை லட்சம் பேர் நேரலையில் பார்க்கிறார்கள் என்பதே விலையானது.

இங்கேதான் மேற்குக் கரை உள்ளே வருகிறது. பிக் டென்னின் சனிக்கிழமையை நம் கடிகாரத்தில் வைத்துப் பாருங்கள். செப்டம்பரில் ஃபாக்ஸ் ஆட்டம் இரவு 9.30-க்கு, சி.பி.எஸ். நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு, என்.பி.சி. விடியற்காலை 5-க்கு. லாஸ் ஏஞ்சலஸில் உறுப்பினர் இருந்தால் ஞாயிறு காலை 8 மணிக்கு நான்காவது ஆட்டமும் விற்கலாம். 2022 ஜூன் 30 அன்று அந்த ஊரின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும் பேக்-12-ஐ விட்டு பிக் டென்னுக்குப் போகிறோம் என்று அறிவித்தன.

ஆனால் யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ள முடியாது. சாம்பார் அதே அளவில் இருக்க, பந்தியில் இலை மட்டும் கூடினால் எல்லோருக்கும் குறையும். ஆண்டுக்கு 100 கோடி டாலரை 16 பேர் பிரித்தால் தலைக்கு 6.25 கோடி. பதினேழாவது ஆள் குறைந்தது அந்த 6.25 கோடியைச் சேனலிடமிருந்து கூடுதலாகக் கொண்டுவர வேண்டும். பேக்-12-லிருந்து வந்த ஆரிகன், வாஷிங்டன் பல்கலைக்கழகங்கள் அவ்வளவு கொண்டுவரவில்லை. அதனால் ஏறத்தாழ அரைப் பங்குக்கு, முதல் ஆண்டு 3 கோடி டாலர், பிறகு ஆண்டுக்கு 10 லட்சம் உயர்வு என்று ஒப்புக்கொண்டு சேர்ந்தன. டல்லாஸில் உள்ள எஸ்.எம்.யு. இன்னும் ஒரு படி மேலே போய், 9 ஆண்டுகளுக்கு டி.வி. பணமே வேண்டாம் என்று ஏ.சி.சி. என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குள் நுழைந்தது. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் முதல் 7 ஆண்டுகளுக்கு 30 சதவீதப் பங்கில். ஏ.சி.சி. என்பதன் விரிவில் வருவது அட்லாண்டிக் கரை. இந்த இரண்டும் பசிபிக் கரை. வெட்கப்பட யாருக்கும் நேரமில்லை.

பேக்-12 விழுந்த விதம்தான் படிக்க வேண்டியது. 2022 இலையுதிர் காலத்தில் ஈ.எஸ்.பி.என். தலைக்குச் சுமார் 3 கோடி டாலர் பேசியதாகவும், இவர்கள் 5 கோடி கேட்டதாகவும் பின்னர் செய்திகள் வந்தன. பேரம் இழுத்துக்கொண்டிருக்க, பிக் 12 அக்டோபரிலேயே குறுக்கே புகுந்து ஈ.எஸ்.பி.என்., ஃபாக்ஸுடன் 6 ஆண்டுகளுக்கு 228 கோடி டாலர், சராசரி தலைக்கு 3.17 கோடி என்று முடித்துவிட்டது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: பெரிய கான்ஃபரன்ஸிலிருந்து புதிதாக வருபவருக்கும் சேனல் அதே முழுப் பங்கைக் கூடுதலாகத் தர வேண்டும். பந்தியில் இலை கூடினாலும் யாருக்கும் குறையாது. என் பார்வையில் பேக்-12-ஐக் கொன்றது இந்த ஒரு வரி.

பேக்-12 கையில் கடைசியில் மிஞ்சியது ஆப்பிள் கொடுத்த திட்டம்: அடிப்படைத் தொகை சுமார் 2.3 முதல் 2.5 கோடி டாலர், சந்தாதாரர் கூடினால் கூடும். உறுதியான 3.17 கோடி பக்கத்துக் கடையில் இருக்கும்போது இதை யார் எடுப்பார்கள்? 2023 ஜூலை 27-ல் கொலராடோ பிக் 12-க்குக் கிளம்பியது. ஆகஸ்ட் 4-ல் ஆரிகன், வாஷிங்டன் பிக் டென் பக்கம்; அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா பிக் 12 பக்கம்.

அவ்வளவு எளிதாக வெளியேற முடிந்ததற்குக் காரணம், பேக்-12-ன் உரிமை ஒப்படைப்பு 2024-லேயே முடிந்தது. இதுதான் பூட்டு. ஒப்படைப்பு நடப்பில் இருந்தால், நீங்கள் விலகினாலும் உங்கள் மைதானத்து ஆட்டங்களை விற்கும் உரிமை பழைய இடத்திலேயே தங்கிவிடும்; உங்களை வாங்குபவருக்கு வெறும் கை. டெக்சஸும் ஓக்லஹோமாவும் பிக் 12-லிருந்து ஓராண்டு முன்பே கிளம்ப இருவருமாக 10 கோடி டாலர் இழந்தார்கள். ஏ.சி.சி.யின் பூட்டு 2036 வரை. ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரிலும் கிளெம்சன் 2024 மார்ச்சிலும் அதை எதிர்த்து வழக்குப் போட்டது இதற்காகத்தான்.

செலவுப் பக்கம் ஃபுட்பால் பெரிய பாரமில்லை. பருவத்துக்கு 12 ஆட்டம், அதில் பாதி சொந்த மைதானம். அடிபடுவது வாலிபால், சாஃப்ட்பால், டென்னிஸ். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ரட்கர்ஸுக்கு நேர்கோட்டில் சுமார் 3,900 கி.மீ.; சேலத்திலிருந்து ஸ்ரீநகரே 2,500-தான். வார நடுவில் போய்வந்து வகுப்பிலும் உட்கார வேண்டும். 2025-26 முதல் ஒவ்வொரு கல்லூரியும் வீரர்களுக்கே 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பகிரலாம் என்று நீதிமன்ற ஒப்பந்தம் வந்துவிட்டதால், டி.வி. பணத்தின் பெரும் துண்டு அங்கேயும் போகிறது.

இனி இப்படி ஒரு செய்தி வந்தால், தலைக்கு வரும் தொகை முதல் ஆண்டுத் தொகையா, முழுக் காலச் சராசரியா என்று முதலில் பாருங்கள். ஆண்டுதோறும் உயரும் ஒப்பந்தத்தில் முதல் ஆண்டு எப்போதும் குறைவு. பிளே-ஆஃப் பணத்தையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலான சண்டை இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு எண்ணை வைத்துக்கொண்டு போடுவது.

அடுத்த நெரிசல் 2030-ஐ ஒட்டி. பிக் டென் ஒப்பந்தம் அந்த ஆண்டு முடிகிறது, பிக் 12 அடுத்த ஆண்டு. ஏ.சி.சி. 2025 மார்ச்சில் வழக்குகளைச் சமரசம் செய்தபோது, வெளியேறும் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கி 2030-31-ல் 7.5 கோடி டாலராகும் என்று ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்தைக் கட்டிவிட்டால் ஒளிபரப்பு உரிமையையும் கையோடு எடுத்துப் போகலாம்.