பல்லாவரம் சந்தையிலிருந்து பிறர் வீட்டுப் பீரோ வரை: 14 மாத அனுபவம்

குரோம்பேட்டையில் வளர்ந்த எனக்கு வெள்ளிக்கிழமை என்றாலே பல்லாவரம் சந்தைதான். பழைய டிரங்க் ரோட்டில் செடிகளும் பாத்திரங்களும் மின்சாதன உதிரிகளும் பரப்பி வைத்திருக்கும் நெரிசலுக்கு நடுவே, தார்ப்பாயில் கொட்டிக் கிடக்கும் பழைய துணிக் குவியலைக் கிளறுவது கல்லூரிக் காலத்திலிருந்தே என் பழக்கம். 60 ரூபாய்க்கு எடுத்த லினன் சட்டையை அளவு திருத்தி உடுத்திக்கொண்டு கிண்டியிலுள்ள அலுவலகத்துக்குப் போனால், எங்கே வாங்கியது என்று ஆசையாகக் கேட்பவர்கள் இடத்தின் பெயரைச் சொன்னதும் சட்டென்று பேச்சை மாற்றுவார்கள். அந்தத் தயக்கத்தைத் தாண்டி இந்தப் பொழுதுபோக்கைப் பகுதிநேரத் தொழிலாக்க முடியுமா என்று சென்ற ஆண்டு தை மாதம் முயலத் தொடங்கினேன். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதால் செலவையும் நேரத்தையும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வந்தேன். இந்தக் கட்டுரை அந்த நோட்டிலிருந்து எழுதியது.

முதல் மூன்று மாதத் திட்டம் எளிமையானது. காலை ஏழு மணிக்குள் சந்தைக்குப் போய்த் துணி பொறுக்கி, துவைத்து, பழுது பார்த்து, படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி விற்பது. குவியலில் நிற்கும்போது கண்ணைவிடக் கையை நம்ப வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரியும். அக்குள், காலரின் உள்மடிப்பு, பேண்டின் கவட்டுத் தையல் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் முன்பக்க அழகைப் பார்ப்பேன். ஏனெனில் வியர்வைக் கறையும் இற்றுப்போன நூலும் அங்கேதான் முதலில் தெரியும். லேபிளில் எம் என்றும் எல் என்றும் இருப்பதை நம்பினால் மோசம் போவோம். ஒரு நாட்டின் எம் இன்னொரு நாட்டின் எக்ஸ்எல் ஆக இருப்பதை டேப் வைத்து அளந்து பலமுறை கண்டிருக்கிறேன். லேபிளே இல்லாத துணி என்றால் வீட்டுக்கு வந்து உள்தையலிலிருந்து ஓர் இழையை உருவித் தீயில் காட்டுவேன். பருத்தி என்றால் காகிதம் எரியும் மணம் வரும். பட்டும் கம்பளியும் தலைமுடி கருகும் நாற்றம் தரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். ரேயான் மட்டும் பருத்தியைப் போலவே எரிந்து ஏமாற்றும். அதற்கு இழையை நனைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் ரேயான் பலம் இழப்பதால் எளிதில் அறுந்துவிடும்.

இவ்வளவு தெரிந்திருந்தும் இரண்டாவது வாரமே ஒரு மெரூன் குர்தாவை வெள்ளைச் சட்டைகளோடு ஒன்றாக ஊறவைத்து ஆறு சட்டைகளை இளஞ்சிவப்பாக்கினேன். நனைத்த வெள்ளைத் துணியால் தையலோரம் தேய்த்துப் பார்த்திருந்தால் சாயம் போகுமா என்று அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த ஆறும் இன்று வீட்டில் தரை துடைக்கின்றன.

கணக்குக்கு வருகிறேன். ஒரு சராசரிச் சட்டைக்குக் கொள்முதல் 60 ரூபாய், பட்டன் 15, தையல் கூலி 80, கூரியர் 70 என்று 225 ரூபாய் ஆனது; விற்றது 350-க்கு. 125 ரூபாய் லாபம் என்று முதல் மாதம் மகிழ்ந்தேன். நோட்டில் நேரத்தையும் கூட்டிப் பார்த்தபோதுதான் நிலைமை புரிந்தது. மூன்று மாதத்தில் வாங்கிய 96 துணிகளில் 51 விற்றன. கையில் நின்றது ஏறக்குறைய 6,300 ரூபாய். செலவிட்ட நேரம் 118 மணி. மணிக்கு 54 ரூபாய்கூடத் தேறவில்லை. விற்காமல் நின்ற 45 துணிகளின் முதலை இதில் கழிக்கவுமில்லை. ஒவ்வொரு துணியும் ஒன்றே ஒன்றுதான் என்பதே இந்த வியாபாரத்தின் கவர்ச்சியும் சாபமும். புதுத் துணிக்கடையில் ஒருமுறை படம் எடுத்தால் 200 துண்டு விற்கலாம், இங்கே ஒரு துண்டுக்கு ஒரு படம், ஓர் அளவுக் குறிப்பு, "கடைசியா என்ன விலைக்குத் தருவீங்க?" என்ற கேள்விக்குப் பத்துப் பதில்கள்.

விலைக்கு முன்பாகவே வந்த கேள்வி ஒன்று உண்டு: "இது யாரோடது?" இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். நம் வீடுகளில் அடுத்தவர் உடுத்திய துணி புதிதல்ல. அக்காவின் பாவாடை தங்கைக்கு வரும். சித்தி பெண்ணின் சுடிதார் பையோடு வந்து இறங்கும். அம்மாவின் கூறைப்புடவையை மகள் பெருமையோடு கட்டுவாள். உடுத்தியவர் யார் என்று தெரியாத துணிதான் இங்கே சிக்கல். இறந்தவருடைய துணியாக இருக்குமோ, நோயாளியுடையதாக இருக்குமோ என்ற அச்சத்தைச் சுகாதாரம் பேசிப் போக்க முடியாது. அந்தத் துணி எங்கிருந்து புறப்பட்டது என்பதும் பல நேரங்களில் விற்பவருக்கே தெரியாது. பழைய புடவையும் பேண்ட்டும் எடுத்துக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துவிட்டுப் போகும் பாத்திரக்காரர் வழியாக ஒரு பங்கு வரும். வெளிநாட்டிலிருந்து பொதியாக வருவது இன்னொரு பங்கு. உடுத்தும் நிலையிலுள்ள பழைய துணியை இந்தியாவில் இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும் என்பதையும், ஹரியானாவிலுள்ள பானிப்பட்டில் அத்தகைய துணிகளைக் கிழித்து மறுபடி நூலாக்கும் பெருந்தொழில் நடக்கிறது என்பதையும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். என் அம்மாவோ எதையும் கேட்கவில்லை. மூட்டையை மொட்டை மாடியிலேயே வைத்து, துவைத்த பிறகு உள்ளே கொண்டு வா என்று சொன்னதோடு சரி.

திருப்பம் சித்திரை மாதம் வந்தது. அலுவலகத்தில் எனக்கு மூத்தவரான ஓர் அக்கா, என்னிடம் ஒரு துணியும் வாங்கியதில்லை. ஒருநாள், "உன் துணி வேணாம்மா, நீ ஒருநாள் வந்து என் பீரோவைப் பார்த்துக் குடு" என்றார். மடிப்பாக்கத்திலுள்ள அவர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பீரோவில் 43 புடவைகள் இருந்தன. அவர் மாற்றி மாற்றிக் கட்டுபவை ஏழு. மீதி 36 ஏன் வெளியே வரவில்லை என்று ஒவ்வொன்றாகக் கட்டில்மேல் பரப்பிக் கேட்டபோது, 21 புடவைகளுக்குக் காரணம் புடவையே அல்ல, ரவிக்கை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு உடம்பு மாறியிருந்தது; ரவிக்கை மாறவில்லை. மூன்று மணி நேரத்தில் நான் செய்ததெல்லாம் அந்த ரவிக்கைகளை உள்ளே திருப்பி, எதில் பிரித்துவிடும் அளவுக்குத் துணி விட்டிருக்கிறார்கள், எதில் இல்லை என்று பிரித்து வைத்ததுதான். ஒன்பதில் இரு பக்கமும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தது. தையற்காரர் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். மற்ற 12 புடவைகளுக்கும் தனித்தனி ரவிக்கை தேவைப்படவில்லை. மங்கலான பொன்நிறம், அரக்கு, கறுப்பு என்று மூன்று புது ரவிக்கைகள் தைத்ததில் எல்லாமே கட்டும் நிலைக்கு வந்துவிட்டன. அவர் ஒரு புதுப்புடவைகூட வாங்கவில்லை. அடுத்த வாரம் 1,500 ரூபாயை உறையில் போட்டுக் கொடுத்தார். நான் கேட்டிருந்தால் 500 என்றுதான் சொல்லியிருப்பேன்.

"யாரோடது?" என்ற கேள்விக்கு அந்தப் பீரோவில் இடமே இருக்கவில்லை என்பதை வீடு திரும்பும் வழியில்தான் உணர்ந்தேன். பழைய துணியை நேசிக்க நான் பிறருக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர்களிடம் இருக்கும் பழைய துணியிலிருந்து தொடங்கினால் போதும். குவியலில் துணி பொறுக்கிய கைப்பழக்கம் அப்படியே பீரோவுக்கும் உதவியது.

தொழிலாகச் செய்வதென்றால் முறையாகப் படிக்க வேண்டும் என்று நினைத்து, ஒருவரின் தோல் நிறத்தையும் முடியையும் வைத்து வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு பருவங்களாகப் பிரித்து நிறம் பரிந்துரைக்கும், 1980களில் அமெரிக்காவில் பரவிய முறையைக் கொஞ்ச நாள் பயின்றேன். அதன் பழைய வடிவத்தில் கறுத்த நிறத்தவர் பெரும்பாலும் குளிர்காலப் பிரிவுக்குள் தள்ளப்படுகிறார்கள். எங்கள் தெருவில் அளந்தால் முக்கால்வாசிப் பேர் ஒரே பருவத்தில் வந்து நிற்பார்கள். இப்போது நான் செய்வது, பகல் வெளிச்சம் வரும் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்து, அவருடைய புடவைகளையே ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்க்கச் சொல்வதுதான். எந்த நிறத்தில் முகம் தெளிகிறது என்பதை நான் சொல்லும் முன்பே அவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

பட்டுப் புடவைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் ஏறக்குறைய எல்லா பீரோக்களிலும் அடித்தட்டில் அவைதான் இருக்கின்றன. பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடிப்புக் கோட்டில்தான் முதலில் இறும். தாம்பரத்தில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை தம் மாமியாரின் அரக்கு நிறக் காஞ்சிப் பட்டை எடுத்துக் காட்டியபோது, கரை பளபளவென்று இருந்தது. விரித்துப் பிடித்த மாத்திரத்தில் உடல்பகுதி மடிப்பு வரிசையில் சத்தமே இல்லாமல் விட்டுவிட்டது. என் கையில் நடந்ததால் எனக்கு வியர்த்துவிட்டது. அவர், "அது முன்னாலேயே போனதும்மா, நீ வெறும் சாட்சிதான்" என்றார். வெட்டுவதற்கு அவருக்கு மனமில்லை. வெட்டாமல் உடுத்தவும் வழியில்லை. மூன்று வாரம் யோசித்து, முந்தானையையும் அதை ஒட்டிய நல்ல பகுதியையும் மட்டும் எடுத்து, பின்புறம் மெல்லிய மல் துணியைத் தாங்கலாக வைத்துத் தைத்து, பேத்திக்குத் தாவணியாக்கினோம். என் தையற்கார அண்ணன், பழம்பட்டில் நேரடியாக ஊசி போட்டால் தையல் துளையே கிழிசலாகும் என்று எச்சரித்து, தையல் நெருக்கத்தைக் குறைத்துத் தைத்தார். மீதித் துண்டுகள் ஆசிரியையின் பீரோவிலேயே, வசம்போடு, பருத்தித் துணியில் சுற்றி இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றச் சொல்லி எல்லோரிடமும் இப்போது கெஞ்சுகிறேன்.

ஜரிகையில் நானே ஏமாந்தேன். அசல் ஜரிகை என்று நம்பி ஒரு பழைய புடவையை 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அசல் ஜரிகையில் பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியிருப்பார்கள். மேலே சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும். நான் வாங்கியதைப் பழைய பட்டு எடுக்கும் கடைக்காரர் ஒருவர் நகத்தால் சுரண்டிவிட்டு, செம்புக் கம்பி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சுரண்டிப் பார்த்திருக்க வேண்டியவள் நான்தான். அந்தப் புடவையை நானே கட்டுகிறேன்.

எல்லா பீரோக்களிலும் நான் வென்றதாக எண்ண வேண்டாம். செங்கல்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் எழும்பூர் போய்வரும் ஒருவரை, அவருடைய செயற்கை இழைப் புடவைகளை ஒதுக்கிவிட்டுக் கைத்தறிப் பருத்திக்கு மாறும்படி நான் வற்புறுத்தினேன். அவருக்கு அது அழகாகத்தான் இருந்தது. கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட புடவை கிண்டி வருவதற்குள் கசங்கிப் போவதையும், காலை நாலரை மணிக்கு எழுபவருக்குக் கஞ்சி போட நேரம் ஏது என்பதையும் நான் கேட்கவே இல்லை. ஒரே மாதத்தில் பழைய புடவைகளுக்கே திரும்பிவிட்டார். அவரிடம் வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பீரோவைத் திறக்கும் முன்பாக, காலையில் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எதில் போகிறீர்கள், வீட்டில் யார் துவைக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

நடைமுறைக் காரியங்கள் பயந்த அளவுக்கு இல்லை. சிறுதொழில் செய்பவர்களுக்கான அரசின் உத்யம் பதிவை இணையத்தில் கட்டணமில்லாமல் செய்து முடித்தேன். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. என் வரவு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே பல காலம் ஆகும். இப்போது இரண்டு வருகைக்குச் சேர்த்து 2,500 ரூபாய் வாங்குகிறேன். தையல் கூலியை அவர்களே தையற்காரரிடம் நேரில் கொடுத்துவிட வேண்டும். அதில் எனக்குப் பங்கு கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது மாதத்தில் 32 வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தையற்கடைக்கு அலைவதையும் சேர்த்தால் ஒரு வீட்டுக்கு ஏழு மணி நேரம் ஆகிறது. மணிக்கு 350 ரூபாய்க்குச் சற்று மேல். வேலையை விடும் அளவுக்கு இது இல்லை. விடும் எண்ணமும் இப்போதைக்கு இல்லை.

சந்தையை நான் விட்டுவிடவில்லை, வாங்கும் முறைதான் மாறியது. முன்பு அழகாக இருந்ததையெல்லாம் எடுத்தேன். இப்போது யாருக்கு, எந்த அளவில், எதோடு சேர்த்து உடுத்த என்று நோட்டில் எழுதியிருந்தால் மட்டுமே எடுக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு குறிப்புகள் இருக்கின்றன: மேடவாக்கத்திலுள்ள ஒருவருக்குத் தோள் அளவு 15 அங்குலத்தில் கருநீலக் கோட்டு ஒன்று, அந்த ஆசிரியைக்கு, முன்பக்கம் திறந்து பட்டன் போடும்படியான பருத்திச் சட்டை ஒன்று, தோள்வலியால் தலைவழியாக மாட்ட முடியவில்லையாம். யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை, நன்றாகத் துவைத்துக் கொடு என்று சொல்லியிருக்கிறார்.