டூத்பிரஷ் கைப்பிடி: பேட்டன்ட்டா, டிசைனா?

வியாசர்பாடியில் எங்களுக்குச் சின்ன மோல்டிங் பட்டறை. விரல் சரியாக மடங்காதவர்களுக்காக டூத்பிரஷ் கைப்பிடி ஒன்று செய்தோம். தடித்த பிளாஸ்டிக் தண்டு, அதில் குறுக்கே மூன்று துளைகள். மேலே ஊற்றும் ரப்பர் துளை வழியாக மறுபக்கம் போய்ச் சேர்ந்து இறுகிக்கொள்ளும். ரப்பர் உரியாது, இடுக்கில் தண்ணீர் இறங்கிக் கறுக்காது.

பேட்டன்ட் கேட்கலாமா என்று தம்புச்செட்டித் தெருவில் ஒரு பேட்டன்ட் ஏஜென்ட் மேடத்தைப் பார்த்தோம். 1970 காப்புரிமைச் சட்டம் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ கேட்கிறது. அதோடு, அந்தத் தொழில் தெரிந்தவருக்கு அது எளிதில் தோன்றிவிடக் கூடாது. நாம் எவ்வளவு பாடுபட்டோம் என்பது கணக்கில் வராது.

தடிமன், ரப்பர் பிடி இரண்டும் பழசு என்பது எஸ்பாசனெட் என்ற இணையப் பேட்டன்ட் தேடல் தளத்தில் தேடியதுமே தெரிந்துவிட்டது. இழுபறியெல்லாம் துளைகளில்தான். டூத்பிரஷ்ஷில் அது எங்கள் கண்ணில் படவில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடியில் இருந்தது. "அது வேற சாமான் மேடம்" என்றேன். "சாமான் வேற, பிரச்சினை ஒண்ணுதானே சார்?" என்றார்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. முடிந்த பொருளைப் பார்த்துவிட்டால் யாருக்கும் எல்லாமே சுலபமாகத் தெரியும் அல்லவா? அதனால் எங்கள் பிரஷ்ஷைக் காட்டாமல், ரப்பர் உரிந்த கடைப் பிரஷ் ஒன்றை மோல்டிங் அச்சு (டை) செய்யும் வெளி மேஸ்திரி ஒருவரிடம் கொடுக்கச் சொன்னார். மேஸ்திரி நகத்தால் ரப்பரை நெம்பிப் பார்த்தார். "தண்டுல ஓட்டை போட்டு ரப்பரை உள்ள பூட்டிடலாம்ணே" என்றார். இது சட்டப்படி சாட்சியம் ஆகாது. ஆனாலும் பேட்டன்ட் அலுவலகப் பரிசோதகர் என்ன எழுதுவார் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

மேடம் ஒரு வழக்கையும் சொன்னார்: பிஷ்வநாத் பிரசாத் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல். பாத்திரம் கடைசல் பிடிக்கும்போது அதைப் பிடித்துக்கொள்ளும் கருவி பற்றியது. வெறும் பட்டறைத் திருத்தம் போதாது என்று 1978இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, பேட்டன்ட்டை விட்டோம். கட்டைவிரல் பதியும் பள்ளமும் வளைவும் சேர்ந்த தோற்றத்துக்கு 2000 வடிவமைப்புச் சட்டத்தில் விண்ணப்பித்தோம். பதிவானால் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. துளைகளுக்கு இதில் பாதுகாப்பு கிடையாது. கண்ணுக்குத் தெரியும் உருவத்துக்கு மட்டும்தான். விண்ணப்பிக்கும் முன் வெளியே காட்டினால் புதுமை போய்விடும் என்பதால், அது முடிந்த பிறகே பாரிமுனைக் கடைகளுக்குச் சாம்பிள் அனுப்பினோம்.