கிளினிக் கொப்பியில் வராத கணக்கு

நுவரெலியா மாவட்டத்தில் மனநோய் எவ்வளவு என்று கேட்டால், பெரும்பாலும் வைத்தியசாலைப் பதிவைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது நோயின் கணக்கு இல்லை, வந்தவர்களின் கணக்கு. பொகவந்தலாவையிலிருந்து டிக்கோயாவுக்கோ, ராகலையிலிருந்து நுவரெலியாவுக்கோ ஒரு நாள் பேரை (நாள் சம்பளத்தை) விட்டுவிட்டு, கூட ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அதில் தெரியும். அதிலும் ஆண்டு முடிவில் நோய்வாரியான அறிக்கைக்குப் போவது வார்டில் தங்கிப் போனவர்களின் விவரம் மட்டும். மாதாமாதம் வரிசையில் நின்று மாத்திரை வாங்கிப் போகிறவர் வார்டில் படுக்காதவரை அந்த அட்டவணையில் இல்லை.

அதனால் கணக்கை மறுபக்கத்திலிருந்து போட்டுப் பார்க்கலாம். 2019இல் உலகத்தில் ஏறத்தாழ 97 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு மனநோய் இருந்தது, அதாவது எட்டில் ஒருவருக்கு, என்கிறது உலக சுகாதார அமைப்பு. பதற்றக் கோளாறு 30 கோடி, மனச்சோர்வு 28 கோடி, இருமுனைக் கோளாறு (மிகை உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வருவது) 4 கோடி, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) 2 கோடி 40 இலட்சம். இதே விகிதத்தை மேக்கணக்கு, பணியக்கணக்கு என்ற மேல், கீழ்ப் பிரிவுகள் எல்லாம் சேர்த்து 3000 பேர் இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போட்டால் மனச்சிதைவு உள்ளவர்கள் 10 பேர் அளவில் வருவார்கள். இருமுனைக் கோளாறு 15, மனச்சோர்வு 110, பதற்றம் அதைவிடக் கொஞ்சம் கூட. இது வெறும் உலக சராசரி. மலையகத்தில் இது குறையும் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இந்த நான்கு எண்களையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரியில் போய், மனநோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். விரல் விட்டு எண்ணிச் சொன்னால் அந்த வித்தியாசம்தான் உங்கள் தோட்டத்தின் சிகிச்சை இடைவெளி. எண்ணில் வந்தவர்கள் பெரும்பாலும் சத்தம் போட்டவர்கள், ரோட்டில் இறங்கி நின்றவர்கள். வேலைக்குப் போய் வந்து சுவரைப் பார்த்துப் படுக்கிறவரை யார் எண்ணப்போகிறார்கள்?

ஆனால் சுமை அதிகம் சேர்வது அந்த ஆளிடம்தான். நோய்ச்சுமையை அளக்க ‘டாலி’ என்று ஒரு அலகு வைத்திருக்கிறார்கள். அகாலமாகச் செத்ததால் போன வருஷங்களையும், நோயோடு வாழ்ந்ததால் தேய்ந்த வருஷங்களையும் கூட்டினால் வருவது அது. ஒவ்வொரு நோய்க்கும் 0 முதல் 1 வரை ஒரு எடை உண்டு. மனச்சிதைவு முற்றிய நிலையில் 0.778, அடங்கிய நிலையில் 0.588. மனச்சோர்வு இலேசானது 0.145, நடுத்தரம் 0.396, கடுமையானது 0.658. இலேசான மனச்சோர்வு ஒரு வருஷம் நீடித்தால் 53 நாள் கழிந்ததற்குச் சமம், நடுத்தரம் என்றால் 145 நாள். நம்முடைய 3000 பேர் தோட்டத்தில் மனச்சிதைவால் வருஷத்துக்கு 6 முதல் 8 வாழ்வாண்டு போகிறது. மனச்சோர்வுள்ள 110 பேருக்கும் இலேசான நிலைதான் என்று வைத்தாலும் 16 வருகிறது. ஊரே பார்த்துப் பயப்படுகிற நோயைவிட, யாரும் கவனிக்காத நோய் இரண்டு மடங்கு தின்கிறது.

இந்த அளவுகோலிலும் ஒரு ஓட்டை உண்டு. மனச்சோர்வால் உயிரை மாய்த்துக்கொண்டவரின் இழந்த ஆயுள் மனநோய்ப் பகுதியில் ஏறாது, ‘காயங்கள்’ பகுதிக்குப் போய்விடும். குடியால் ஈரல் கெட்டுச் செத்தவர் ஈரல் நோய்க் கணக்கில். ஆக, அட்டவணையில் மனநோயால் சாவே இல்லாத மாதிரி இருக்கும்.

தற்கொலை எண்ணிக்கையை மனநலத்தின் அளவுகோலாக எடுப்பவர்களுக்கு இலங்கையே நல்ல பாடம். 1995இல் இலட்சத்துக்கு 47 பேர் அளவில் இருந்தது. பயிருக்கு அடிக்கிற நஞ்சுகளில் 1984இல் பராத்தியன், 1995இல் மிஞ்சியிருந்த கடும் நச்சு வகைகள், 1998இல் எண்டோசல்பான், 2008க்குப் பிறகு தோட்டத்தில் புல்லுக்கு அடித்த பராகுவாட் உட்பட இன்னும் மூன்று என்று தடை வர வர, சாவு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. பெரிய வெற்றிதான், சந்தேகமில்லை. குறைந்தது கைக்கெட்டிய நஞ்சு. மனச்சோர்வு குறைந்ததற்கு அது சாட்சி ஆகாது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டும் பொலிஸுக்குப் பயந்து ‘தவறுதலாக் குடிச்சிட்டாரு’ என்றே வார்டில் சொல்கிற குடும்பங்கள் உண்டு. அப்படிச் சொன்னால் அந்த ஆள் மனநல வைத்தியரைப் பார்க்காமலே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

வீடு வீடாகப் போய்க் கேட்டால் சரியாகிவிடுமா என்றால், அதற்கும் நிதானம் வேண்டும். பி.எச்.கியூ-9 என்ற கேள்வித்தாளில் 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கலாம் என்று எடுப்பார்கள். இதில் தூக்கம், அசதி, பசி மூன்றும் உடம்பைப் பற்றியவை. இரத்தம் குறைந்த, மலையேறிக் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு இந்த மூன்றிலேயே 6, 7 ஏறிவிடும். ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற நினைப்பு, நேர்மாறாகக் குறையும். லயத்துக் காம்பராவின் (வரிசை வீட்டு அறையின்) நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டார் இருக்க, வாசலில் மாமியார் நிற்க, யார் ‘ஆமா’ என்பார்? பிள்ளை மடுவத்திலோ (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) டிஸ்பென்சரியிலோ தனியாக வைத்துக் கேட்கவேண்டிய கேள்வி அது. முதல் இரண்டு கேள்விகளிலும், அதாவது எதிலும் விருப்பமில்லாமை, மனச்சோகம் இரண்டிலும், 0 என்றால் மொத்தம் 10 வந்தாலும் முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

குடியை அளப்பதிலும் இதே சிக்கல். ‘ஒரு கால் போத்தல்தான்’ என்பது 180 மில்லி சாராயம், சுத்த மதுசாரம் 47 கிராம் அளவில், 10 கிராம் ஒரு அலகு என்ற கணக்குப்படி கிட்டத்தட்ட 5 அலகு. கசிப்பு (கள்ளச்சாராயம்) என்றால் அளவே கிடையாது.

இனி, கிளினிக் வரைக்கும் வந்தவர்கள் ஏன் விட்டுப்போகிறார்கள் என்பது. இதில்தான் சுமை மறுபடி கூடுகிறது. மனச்சிதைவுக்கு 2 முதல் 4 கிழமைக்கு ஒரு தடவை போடும் புளூபெனசின் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மருந்து, மலிவு. ஆனால் கை கால் விறைக்கும், விரல் நடுங்கும். ஆபீஸ் வேலைக்காரருக்கு அது தொந்தரவு. கொழுந்து பறிக்கிறவருக்கோ கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். ஊசியை நிறுத்துவதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? விறைப்புக்கு பென்ஸ்ஹெக்சோல் மாத்திரை உண்டு. அதை இரவில் போட்டால் தூக்கம் கெடும், காலையில் போட வேண்டும். எத்தனை கிலோ பறிக்கிறார் என்று வைத்தியர் கேட்டால் ஊசியின் அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று தெரிந்துவிடும்.

ஊசிக்கு இன்னொரு குணம் உண்டு. நிறுத்தியவுடன் ஒன்றும் ஆகாது. மருந்து உடம்பில் தங்கி மெல்லக் கரைவதால் சில கிழமைகளுக்கு, சிலருக்கு மாதக்கணக்கில், ஆள் நன்றாகவே இருப்பார், விறைப்பும் போயிருக்கும். இடையில் பேயோட்டுகிற கோடாங்கியிடம் போயிருந்தால் பேர் அவருக்குப் போகும். பிறகு திரும்பி வரும்போது, நிறுத்திய ஊசியோடு அதை யாரும் முடிச்சுப் போடுவதில்லை. மனச்சோர்வு மாத்திரையில் இது தலைகீழ். முதல் கிழமையே வயிற்றைப் பிரட்டும், குணம் தெரிய 2 முதல் 4 கிழமை ஆகும். பத்தாம் நாள் நிறுத்திவிட்டு ‘சரிப்பட்டு வரல’ என்பார்கள். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும் என்பதைச் சொல்லியே அனுப்பவேண்டும், அதுவும் தமிழில். புருஷனின் குடியைப் பற்றி ஒரு பெண் பேசவேண்டிய இடத்தில், சிங்களம் தெரியும் என்று மொழிபெயர்ப்புக்கு அந்தப் புருஷனையே நிறுத்தினால் அவர் என்னத்தைச் சொல்லுவார்?

ஒரு தோட்டத்துக்கு உடனே முடிகிற காரியம் மருந்து எடுக்கிறவர்களின் ஒரு பட்டியல். பேர், எந்தக் கணக்கு, என்ன மருந்து, அடுத்த ஊசித் திகதி, கூட்டிப்போகிற ஆள். ஊசித் திகதி தாண்டி 7 நாளில் ஒருவர் லயத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பட்டியல் டிஸ்பென்சரி அலுமாரியில் பூட்டி இருக்கட்டும், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் வாசிக்கிற கடதாசி இல்லை அது. ஒரு பிரதி கிளினிக்கில் இருப்பதும் அவசியம். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையில் நடந்த மாதிரி மண் சரிந்தால் லயத்தோடு கொப்பியும் மாத்திரையும் போய்விடும். ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடம் லித்தியமோ குளோசபினோ எத்தனை மில்லிகிராம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. மழைக்காலம் தொடங்குமுன் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து, வெளியூரில் வேலை செய்கிற பிள்ளைக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள். அவசரத்துக்கு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அதே போனில் போட்டுக்கொள்ளலாம்.