பழைய எயார் ரைபிளுக்கு ஸ்பிரிங் தேடும்போது

வன்னித் தோட்டங்களில் குரங்கு விரட்டும் பழைய எயார் ரைபிள்களில் முதலில் தளர்வது ஸ்பிரிங்தான். குரங்கு வருமென்று மணிக்கணக்காக இழுத்து வைத்தால் எதுவும் தளரும். அதனால் பழையதன் நீளத்தைப் பார்த்துப் புதியது வாங்காதீர்கள், அது ஏற்கெனவே குறுகியது.

கம்பித் தடிப்பு, உள்விட்டம், வெளிவிட்டம், சுற்றுகள் ஆகியவற்றை வேர்னியர் வைத்து அளந்து எண்ணுங்கள், அடிமட்டம் போதாது. கம்பி 3 மில்லிமீற்றரிலிருந்து 3.2 ஆனாலே, சுற்றின் அளவு மாறாவிட்டாலும், விறைப்பு ஏறத்தாழ 30 வீதம் கூடும். தடிப்பைச் சுற்றுகளால் பெருக்கியும் பாருங்கள்: 3.2 கம்பியில் 34 சுற்றென்றால் முழுதாக அமுங்கிய நீளம் கிட்டத்தட்ட 109 மில்லிமீற்றர். இழுத்த நிலையில் அதைவிடக் கூடிய இடம் இல்லாவிட்டால் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டும், இழுத்ததைப் பிடித்துவைக்கும் கொக்கி விழாது. அதற்குமேல் பலம் போட்டால் வளைவது இழுக்கும் நெம்புதான்.

நீளம் கூடினால் வெட்டலாம். நுனிச் சுற்றை மட்டும் காய்ச்சிப் படுக்கவைத்து, தானாக ஆறவிட்டு, தட்டையாக அரையுங்கள். தண்ணீரில் தோய்த்தால் நொறுங்கும். மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்கை வெட்டிப் போடுவது வீண்வேலை.

கழற்றமுன் குண்டு இல்லையென்று உறுதிசெய்து, கிளாம்பில் பிடித்து மெல்லத் தளர்த்துங்கள். இழுக்காத துவக்கிலும் ஸ்பிரிங் அமுங்கியே இருக்கும். பூட்டும்போது மொலிப்டினம் கிறீஸ் மெல்லிதாகப் போதும். சிலர் தேங்காயெண்ணெய் விடுகிறார்கள்: காற்றை அமுக்கும் அறையில் அது தீப்பற்றி, புது ஸ்பிரிங்கையும் முறித்துவிடலாம்.