2012 பெட்டி

8 ஜூலை 2024, திங்கள்

காலையில் ஒரு தொடைத்தசை பயாப்சி. புதிதாகச் சேர்ந்த மாணவி, "நேரா திரவ நைட்ரஜன்லயே போட்டுட்டா என்ன மேடம்?" என்று கேட்டாள். போடலாம், அப்புறம் மைக்ராஸ்கோப்பில் சல்லடைதான் தெரியும். நைட்ரஜன் கொதித்துத் திசுவைச் சுற்றி ஆவிப் போர்வை கட்டிவிடும். உறைவது தாமதமாகும், அதற்குள் தசைநாருக்குள், அதாவது தசை இழைக்குள், பனிப்படிகம் வளர்ந்துவிடும். அதனால்தான் நைட்ரஜனுக்குள் ஐசோபென்டேன் என்ற திரவம் உள்ள கிண்ணத்தை இறக்கி, அடியில் வெள்ளையாக உறையத் தொடங்கும்வரை காத்திருக்கிறோம். இன்றைய துண்டை அவள் கையாலேயே இறக்கச் சொன்னேன். நன்றாக வந்திருக்கிறது.

வெளியூரிலிருந்து வந்த இன்னொரு துண்டு ஃபார்மலினில் மிதந்தபடி வந்தது. என்சைம் சாயம் எதற்கும் இனி அது உதவாது. அந்த நோயாளிக்கு மறுபடியும் ஒரு கீறல்.

10 ஜூலை, புதன்

பழைய 'பாலிமயோசைட்டிஸ்' (ஒரு தசை அழற்சி நோய்) ஸ்லைடுகளைத் திரும்பப் பார்க்கும் வேலை தொடங்கியாயிற்று. முதலில் 2012 பெட்டி.

அந்தப் பெயரே கரைந்துகொண்டு வருகிறது. 1975இல் போஹன், பீட்டர் என்ற இரு டாக்டர்கள் ஐந்து அடையாளம் சொன்னார்கள்: தோள், இடுப்புப் பக்கத் தசை பலவீனம், ரத்தத்தில் தசை என்சைம் ஏற்றம், இ.எம்.ஜி. (தசை மின்பரிசோதனை) மாற்றம், பயாப்சி, தோல் தடிப்பு. தடிப்பு இருந்தால் டெர்மட்டோமயோசைட்டிஸ், இல்லாவிட்டால் பாலிமயோசைட்டிஸ். பல வருடம் இதுதான் தராசு. பிறகு அந்தக் கூடையிலிருந்து ரத்தத்தில் ஜோ-1 என்ற ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) உள்ளவர்கள் தனியாகப் பிரிந்தார்கள். (நோயாளி ஒருவரின் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகள்தான் அந்த 'ஜோ'.) கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைக்குப் பின் வேறொரு ஆன்டிபாடி வந்து தசைநார் மடிபவர்களும் பிரிந்தார்கள். மிச்சத்தில் நிறையப் பேருக்கு இருந்தது ஐ.பி.எம்., அதாவது இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் என்ற வேறொரு தசை நோய். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயர் 1971லேயே வந்துவிட்டது.

13 ஜூலை, சனி

ஒன்று அகப்பட்டது. 61 வயது ஆண். டி செல்கள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) நல்ல தசைநாரையே துளைத்துக்கொண்டு நிற்கின்றன. பாலிமயோசைட்டிஸ் என்று எழுதக் கை துறுதுறுக்கும் காட்சி, ஆனால் ஐ.பி.எம்.மிலும் இதே காட்சிதான். கொமோரி சாயம் போட்ட ஸ்லைடில், ஓரமாக, மூன்று நார்களுக்குள் சிவப்பு விளிம்பு கட்டிய ஓட்டைகள், ஐ.பி.எம்.மின் அடையாளம். தேடாமலே தெரிகிறது.

அறிக்கையில் இருப்பது என் கையெழுத்து.

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, முழங்கால் மடங்கி விழுகிறார் என்று அன்றே எழுதியிருக்கிறார்கள். ஐம்பதைத் தாண்டியவருக்கு விரல் மடக்கும் தசையும் தொடையின் முன்தசையும் சேர்ந்து தேய்ந்தால் வேறு எதை நினைப்பது? ஐ.பி.எம்.முக்கான சிஎன்1ஏ ஆன்டிபாடி பற்றிய கட்டுரைகள் 2013இல்தான் வந்தன என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஓட்டையைப் பார்க்க ஆன்டிபாடி எதற்கு?

19 ஜூலை, வெள்ளி

நரம்பியல் ஓ.பி.க்கு அவரை வரவழைத்திருந்தார்கள். நானும் போய்க் கதவோரம் நின்றேன். இப்போது 73 வயது. கையைப் பொத்தச் சொன்னார்கள். விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொடவே இல்லை. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா என்று டாக்டர் கேட்டதற்கு, "அது வயசானதால இல்லையா?" என்றார் அவர் மனைவி. இல்லை, தொண்டைத் தசையையும் இந்த நோய் பிடிக்கும்.

விட்டு விட்டுப் பன்னிரண்டு வருடம் ஸ்டீராய்டு. சர்க்கரை, இரண்டு கண்ணிலும் புரை, முதுகெலும்பில் ஒரு நொறுங்கல். ஐ.பி.எம். ஸ்டீராய்டுக்குக் கேட்பதில்லை.

அன்று தவறாகப் படித்தது நான்தான் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிம்மா, அப்போ இந்த மாத்திரைய நிறுத்திடலாமா?" என்றார். ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, மெல்லக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். "வேற மாத்திரை?" என்றார் மனைவி. யாரிடமும் பதில் இல்லை. உடற்பயிற்சி, விழாமலிருக்க முழங்கால் பட்டை, விழுங்கப் பயிற்சி. இவ்வளவுதான் எழுதிக்கொடுத்தார்கள்.

23 ஜூலை, செவ்வாய்

மாணவி ஜர்னல் கிளப்பில் ஜெர்மனியின் எர்லாங்கனிலிருந்து இந்த வருடம் வந்த கார்-டி செல் (நோயாளியின் டி செல்லையே மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றும் சிகிச்சை) கட்டுரையை எடுத்தாள். 15 பேரில் மூவர் தசை அழற்சிக்காரர்கள். 2022இல் வந்த இம்யூனோகுளோபுலின் (நரம்பு வழியே ஏற்றும் ஆன்டிபாடி மருந்து) ஆய்வையும் சொன்னாள்: டெர்மட்டோமயோசைட்டிஸில் 16ஆவது வாரம் 79 சதவீதம் பேர் ஓரளவாவது தேறினார்கள், போலி மருந்தில் 44. சந்தோஷமாகத்தான் இருந்தது. "ஐ.பி.எம்.முக்கு மேடம்?" என்று கேட்டுவிட்டு அவளே ஸ்லைடை மாற்றினாள்.

மதியம் திருத்திய அறிக்கையை அனுப்பினேன். பெட்டியில் பாதிக்கு மேல் இன்னும் பார்க்கவில்லை. ஐசோபென்டேன் தீரப்போகிறது, ஸ்டோரில் சொல்லிவைக்க வேண்டும்.